குறுக்கே நிற்கும் லாரி

இல்ல சார், அந்த மரத்தடி வேண்டாம். வண்டிய எதிர்ல இருக்கற காலி மனையில விடச் சொல்லுங்க. போன வாரம்தான் ஒரு கிளை முறிஞ்சு பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல விழுந்துச்சு. நகராட்சிக்கு எழுதிப் போட்டாச்சு, வந்து வெட்டறதா இல்ல. நானே நகராட்சியிலதான் வேலை பாக்கறேன், நான் எழுதினதுக்கே இந்த கதி. ஆங், அங்கதான். இன்னும் கொஞ்சம் தள்ளி நடுவுல விடச் சொல்லுங்க, சுவரோரம் முள்ளா கிடக்கும். போதும் போதும். உள்ள இருக்கற ரெண்டு பேரும் வரலாமே? வேண்டாமா. சரி, அவங்க இஷ்டம். நீங்க உக்காருங்க. அதுல வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

பத்து மணிக்கு வாங்கன்னேன், டாண்ணு வந்துட்டீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. நான் இன்னைக்கு லீவு போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு காலையிலயே பொண்ணக் கூட்டிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. நான்தான் போயிட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன். வீட்டுல சத்தம் இல்லாம இருந்தா நல்லா பேசலாம் பாருங்க.

நேத்து போன்ல, கம்பெனியோட நலப்பிரிவுலேருந்து பேசறேன்னீங்க. அப்படி ஒரு பிரிவு இருக்கறதே எனக்கு அப்பதான் தெரியும். எங்க தம்பி சொன்னதே இல்ல. தண்ணி லாரி ஓட்டறவனுக்கு யாரு போய் நலம் விசாரிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குடுங்க, அந்தப் பேப்பரப் பாப்போம். கண்ணாடிய எங்க வெச்சேன்... தலையிலயேதான் இருக்கு. ம். இனிமே அந்த இடத்தோட படங்களப் பாக்க மாட்டேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன். இதுவரைக்கும் சேத்து வெச்சத எல்லாம் ஒப்படைச்சிடறேன். கீழ என் கையெழுத்து. போட்டா அடுத்த மாசம் தம்பிக்கு லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்புவீங்க. போடலன்னா?

ஒண்ணும் இல்லன்னு சிரிக்கறீங்க. சரி.

தம்பி நல்லா இருக்கானா சார்? நேத்துக்கூடப் பாத்தீங்களா. லாரி ஓட்டிக்கிட்டுதான் இருக்கானா, அதே லாரியா? நல்லது. லெட்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, அதான் கேட்டேன். அவனுக்கு அம்மா அப்பா இல்ல, கல்யாணம் ஆகல. நான் ஒருத்திதான். இருக்கானா இல்லையான்னு கேக்க வேற ஆள் கிடையாது. போடறேன் சார், போடாம என்ன. தம்பி முகத்த விடவா படம் பெருசு. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போடறேன். அடுப்புல வெச்சுட்டுதான் கதவ தொறந்தேன்.

இந்தாங்க. சக்கரை கம்மியா இருந்தா சொல்லுங்க.

என்னைப் பத்தி என்னமோ பெரிய உளவாளின்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பாங்க. நான் கட்டட அனுமதிப் பிரிவுல படம் வரையறவ. ரெண்டு மாடிக்கு அனுமதி வாங்கிட்டு மூணு மாடி கட்டுவாங்க, தெரியுமில்ல? முன்னாடி எல்லாம் நேர்ல போய் டேப் புடிச்சு அளப்போம். நாய அவுத்து விடுவாங்க. இப்ப மேலேருந்து எடுத்த படம் வருது. அது ரகசியமெல்லாம் இல்ல, யார் வேணா கம்ப்யூட்டர்ல பாக்கலாம். அதுல எனக்கு வேண்டியது நிழல் மட்டும்தான். பக்கத்துல ஒழுங்காக் கட்டின ரெண்டு மாடி வீட்டு நிழல் இவ்வளவு இருந்தா, இவன் வீட்டு நிழல் எப்படி அவ்வளவு இருக்கும்? அவ்வளவுதான் கணக்கு. இந்த ஊர்ல எனக்குப் பேரே நிழல்காரி. கடைத்தெருவுல போனா பாதிப் பேரு முகத்தத் திருப்பிக்குவாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கூட, ஊரான் வீட்டு மொட்டமாடிய எட்டிப் பாத்துப் பாத்து உனக்கு கண்ணே மேல போயிருச்சுன்னு கிண்டல்.

மணி என்ன சார்? அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடாது. பத்து பதினஞ்சா. சரி.

தம்பி வேலைக்குச் சேந்தப்ப உரத் தொழிற்சாலை கட்டறாங்கன்னான். நல்ல வேலைதானேன்னு இருந்தேன். அப்புறம் பாத்தா கேட்டுலயே போன வாங்கி வெச்சுக்கறாங்க. மாசம் ஒரு லெட்டர், அதையும் பிரிச்சுப் படிச்சுட்டு ஒட்டி அனுப்பறாங்க. உரத்துக்கு எதுக்குங்க இத்தனை காவல்? மொத லீவுல வந்தப்ப கேட்டேன். எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது, ராத்திரில பஸ்ஸுல ஜன்னல மூடிக் கூட்டிட்டுப் போனாங்களாம். ஆனா பகல்ல லாரி ஓட்டறவனுக்கு கண்ணு சும்மா இருக்குமா. கடல் ஒரு பக்கம். இந்தப் பக்கம் ரெண்டு தலை வெச்ச மாதிரி ஒரு குன்று. தண்ணி ரொப்பறது ஒரு உடைஞ்ச அணைக்கட்டுல. இவ்வளவு போதாதா எனக்கு? கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு கடலோரமா தேடினேன். பதினோரு நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மட்டும்.

கிடைச்சுது. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, அது உரம் இல்லன்னு.

ஏன்னா உரத் தொழிற்சாலைக்கு அப்படி ரோடு போட மாட்டாங்க சார். வளைவே அவ்வளவு அகலம், ஒரு தெருவையே தூக்கிட்டுப் போய் திருப்பற மாதிரி. ஏதோ நீளமா ஒண்ணு அதுல போகணும், மடங்காதது. ரோடு போய் முடியற எடத்துல ஒரு கான்கிரீட் மேடை, அதுல ஒரு பள்ளம், பள்ளம் ஒரு பக்கமா கடலப் பாத்து சரியுது. சுத்தி நாலு கம்பம். நிழல அளந்தேன். எங்க ஊர்ல இருக்கற எந்தக் கட்டடமும் அதுல பாதி வராது. இடி விழுந்தா கம்பத்துல விழட்டும், நடுவுல நிக்கறதுல விழ வேண்டாம்னு வைக்கறது அது. நடுவுல என்ன நிக்கும்? அதான் யாரும் சொல்லக் கூடாதது. ஒரு நாள் அந்தச் சரிவு முழுக்க கரியா கிடந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தம்பி நாப்பது நடை தண்ணி அடிச்சானாம், அடுத்த லீவுல வந்தப்ப சொன்னான். எரியும்போது தண்ணிய ஊத்தலன்னா அந்தச் சத்தத்துலயே மேடை விண்டு போயிருமாம். உரம்னாங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னா அதுதான்.

ராக்கெட் விடறது ஒண்ணும் குத்தம் இல்ல, எத்தனையோ பேரு விடறாங்க, டிவியில காட்டறாங்க. காட்டாம விடறவங்க கிட்ட என் தம்பி இருக்கானேன்னுதான் எனக்கு.

நீங்க ஆபீஸ்ல இருக்கறவரு, உங்களுக்கு அந்தச் சங்கு கேட்டிருக்காது. தெனமும் காலையில பத்து மணிக்கு அங்க சங்கு ஊதுவாங்களாம். வெளிய இருக்கறத எல்லாம் ஷெட்டுக்குள்ள தள்ளி கதவ சாத்திருவாங்க. பதினொண்ணுக்கு மறுபடி சங்கு. நடுவுல மேல சாட்டிலைட் போகுது, அதான். எங்க ஆளுங்க எமகாதகனுங்கன்னு தம்பி சிரிச்சான். ஆனா தண்ணி லாரிய மறைக்க மாட்டாங்க. தண்ணி லாரி எந்த ஊர்லதான் இல்ல? அது பாட்டுக்கு வெளிய நிக்கும், எட்டு லாரி, சுவரோரமா வரிசையா.

அப்பதான் எனக்குத் தோணுச்சு. டேய், மத்ததெல்லாம் நேரா நிக்குதில்ல, உன்னோடத மட்டும் குறுக்கே நிறுத்து, நல்லா இருந்தா குறுக்கே, ஏதாவது ஒண்ணுன்னா நேரான்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். போனுக்குத்தான் வழி இல்ல, லாரியாலயே பேசலாங்கறியான்னான்.

தெரியும்னு தலையாட்டறீங்க. அதானே, தெரியாம வருவீங்களா.

ஏழு மாசம் சார். தெனமும் சாயங்காலம் அன்னைக்கு எடுத்த படம் வந்துரும். அது தூரத்துப் படம், அதுல லாரின்னா ஒரு அரிசி அளவுதான். ஏழு அரிசி நேரா, ஒரு அரிசி குறுக்கே. பாத்துட்டு கம்ப்யூட்டர மூடிட்டு பொண்ண கூப்பிடப் போயிருவேன். நடுவுல ஒரு தடவை லீவுல வந்தப்ப சொன்னான், மேஸ்திரி திட்டினானாம், ஏன்டா வழிய மறிச்சு நிறுத்தறன்னு. ரிவர்ஸ் கியர் தகராறு பண்ணுதுண்ணே, நேரா நிறுத்தினா திரும்ப எடுக்க முடியலன்னு சொல்லிருக்கான். சமத்து.

அவனுக்கு முழுப் பொய் சொல்ல வராது சார், அது சின்ன வயசுலேருந்து. எங்கப்பா கைக்கடிகாரத்த நான் உடைச்சுட்டு பரண்ல ஒளிச்சு வெச்சேன். அப்பா என்னை விட்டுட்டு இவனப் புடிச்சுக்கிட்டாரு. பெல்ட்ட கையில எடுத்ததும் இவன், பரண்ல இருக்கு, பானைக்குள்ள, இடது ஓரத்துலன்னுட்டான். போச்சுடான்னு நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். அப்பா ஏணி போட்டு ஏறி இடது ஓரத்துல இருந்த பானை எல்லாத்தையும் கவுத்துப் பாத்தாரு, இல்ல. ஏன்னா அது வலது ஓரம். பரண் நிஜம், பானை நிஜம். கடைசி நுனிய மட்டும் திருப்பி விட்டுட்டான். அப்ப அவனுக்கு ஆறு வயசு.

டீ ஆறுது, குடிங்க. போடறேன் சார், பேனா இதோ கையிலதான இருக்கு.

கெடுத்தது நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. இந்தப் படங்கள பாக்கற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க, ஒரு பன்னெண்டு பேரு நாங்க பேசிக்குவோம். ஒருத்தரு ரிட்டயர்டு பைலட், ஒருத்தரு மீன் கம்பெனில கணக்கு எழுதறவரு, ஒரு டீச்சரம்மா. முகம் பாத்தது இல்ல. அதுல அந்தக் கணக்கரு ஒரு நாள், அந்த இடத்த கைவிட்டுட்டாங்க, ஆள் நடமாட்டமே இல்ல, இந்தம்மா சும்மா காலி மேடையப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு எழுதிட்டாரு. என்னைப் போய் சும்மாங்கறதா? எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. எழுதினேன். எட்டு தண்ணி லாரி இருக்கு, அதுல ஒண்ணு தெனமும் வெளிய போய்ட்டு வந்து குறுக்கே நிக்குது, கண்ணு இருந்தா பாருங்கன்னு. அனுப்பின பொறவு ஒரு நிமிஷம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அடுத்த நிமிஷமே என்ன பண்ணிட்டேன்னு புரிஞ்சுது. அழிச்சேன். அதுக்குள்ள அவரு எடுத்துட்டாரு.

ரெண்டு நாள்ல அந்த அரிசியச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு, ரகசிய ராக்கெட் தளம் உயிரோடதான் இருக்குன்னு கட்டுரை. பத்திரிக்கைக்காரங்களும் எடுத்துப் போட்டாங்க. உலகம் பூரா என் தம்பி லாரியப் பாத்துச்சு. ஒரு வீம்புக்கு நானே அவனக் காட்டிக் குடுத்துட்டேன் சார். எங்க வீட்டுக்காரருக்கிட்ட கூட இன்னும் சொல்லல. முகம் பாத்து உங்ககிட்டதான் மொத மொதல்ல சொல்றேன்.

வட்டம் வந்து நாலாம் நாளு லாரி நேரா நின்னுச்சு.

அஞ்சாம் நாளும் நேரா, ஆறாம் நாளும். கம்பெனி நம்பருக்கு அடிச்சேன், அப்படி ஒரு ஊழியர் பேரே இல்லன்னாங்க. போலீஸ்ல, எந்த ஊர்ல வேலை பாக்கறாருன்னு கேட்டாங்க, நான் என்னன்னு சொல்ல? கடலோரம், ரெண்டு தலை குன்றுன்னா? சாப்பாடு எறங்கல. ஆபீஸ்ல ஒரு அஞ்சு மாடி வீட்ட ரெண்டு மாடின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன், அந்த ஆளு ஊர் பூரா என்னைப் புகழ்ந்துக்கிட்டு திரியறான்.

பத்தாம் நாளு, மறுபடியும் குறுக்கே.

நான் ஆபீஸ் நாற்காலியிலயே அழுதுட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, என்ன யாரு போய்ட்டாங்கன்னு ஓடி வந்தாங்க. யாரும் போகல, வந்துட்டான்னேன். அன்னையிலேருந்து நேத்து வரைக்கும் ஒரு நாள் தவறாம குறுக்கேதான். இருபத்தி மூணு நாளா. உங்களுக்கும் தெரியும். நேத்து போன்லயே சொன்னீங்களே, நீங்களே தெனமும் பாக்கறீங்களே மேடம், லாரி அங்கதான நிக்குது, உங்க தம்பி நல்லா இருக்காருங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்னு. நல்லா கேட்டீங்க. நான் ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மணி என்ன இப்ப? பத்து நாப்பத்தி ரெண்டு. சரியா ஓடுதா உங்க வாட்ச்? சரி, சரி.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லாரிய நிறுத்தறது அவன்தானா? தெனமும் அவனேதானா? வேற யாராச்சும் எடுத்து நிறுத்தறாங்களா? இல்ல. அவனேதான். உங்க கண்ணால பாத்தீங்க. சரி சார்.

இல்ல, கையெழுத்துக்கு என்ன அவசரம். ஒரு படம் காட்டறேன், பாத்துட்டுப் போடறேன். இது தூரத்துப் படம் இல்ல, கிட்டத்துப் படம். இது தெனமும் வராது, பதினஞ்சு இருபது நாளைக்கு ஒண்ணு வரும். இது பழசு, மூணு மாசம் முன்னாடி எடுத்தது. இங்க பாருங்க, இது தண்ணித் தொட்டி, இது டிரைவர் உக்காரற எடம். தொட்டி உயரம், முன்பக்கம் குட்டை. அதனால நிழல்ல இங்க ஒரு படி விழுது. படி இருக்கற பக்கம்தான் லாரியோட தலை. இந்த ஊர்ல நான் நிழல்காரின்னு சும்மா பேரு வாங்கல. தலை எந்தப் பக்கம் இருக்கு? கடல் பக்கம். எப்பவும் கடல் பக்கம்தான். அது நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சது, குறுக்கே, தலை கடல் பக்கம். அரிசியில எது தலை எது வால்னு தெரியுமா? தெரியாது. செவப்பு வட்டம் போட்ட படத்துல தெரியவே தெரியாது.

இது போன வெள்ளிக்கிழமை வந்த கிட்டத்துப் படம். அதே எடம், அதே சாய்வு, அளந்து வெச்ச மாதிரி. நிழல் படிய மட்டும் பாருங்க. எந்தப் பக்கம் இருக்கு?

குன்றுப் பக்கம்.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. வெளிய வண்டியில இருக்கறவங்களக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க, நான் ஓடப் போறது இல்ல. நான் ரெண்டு விதமா நெனச்சுப் பாத்தேன் சார். ஒண்ணு, உங்க ஆளுங்க அந்தக் கட்டுரைப் படத்த வெச்சுக்கிட்டே லாரிய நிறுத்தறாங்க, நான் ஏமாந்து சும்மா கிடப்பேன்னு. அப்படின்னா அவனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தேவையில்ல, புரியுது. இன்னொண்ணு, அவனையே கேட்டிருக்கீங்க. எப்படிக் கேட்டீங்களோ. அவனும் சொல்லியிருக்கான், குறுக்கே நிறுத்துவேன்னு. கடைசி நுனிய மட்டும் திருப்பி விட்டுட்டான். ஆறு வயசுல பண்ண மாதிரியே. அப்படி இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. அப்படின்னா உங்க கையில மாட்டின பொறவும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கான்னு அர்த்தம்.

வண்டிய எடுக்கச் சொல்லி கை காட்டறீங்க. எடுக்கட்டும். அதோட வேலை முடிஞ்சுருச்சு. அங்க தெனமும் பத்து மணிக்கு சங்கு ஊதி துரும்பக் கூட உள்ள தள்ளி மூடற ஆளுங்க, இங்க வந்து நான் சொன்னேன்னு வெட்டவெளியில வண்டிய நிறுத்தறீங்க. அதே நேரந்தான் சார் இங்கயும். கிட்டத்துப் படம் எடுக்கற சாட்டிலைட் இன்னைக்கு நம்ம ஊரு மேல பத்தே முக்காலுக்கு முன்னாடி போயாச்சு. இந்தத் தெருவ எடுத்து வைக்கச் சொல்லி அந்தக் கணக்கரு படக் கம்பெனிக்கு நேத்தே எழுதிப் போட்டுட்டாரு, அவருக்கும் மனசு உறுத்துதாம். என் வீடு, எதிர்ல காலி மனை, நடுவுல உங்க வெள்ளை வண்டி. பன்னெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் படம் வந்துரும். அப்படி ஒரு ஊழியரே இல்லன்ன கம்பெனி என் வாசலுக்கு வந்ததுக்கு அதுதான் சாட்சி.

இந்தாங்க உங்க பேப்பர், உங்க பேனா. கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பவும் போடறேன்.

என் தம்பி லாரிய இப்ப யாரு ஓட்டறாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.